நாலு நாள் கணக்கு

நான் சொன்னதில் பொய் இல்லை என்றுதான் இன்னும் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். நான் தாதியாக இருக்கும் குறைமாதப் பிள்ளைகள் வார்டில், 29 வாரத்தில் பிறந்த மகனை நெஞ்சோடு அணைத்திருந்த மூதூர்த் தாயொருத்தி, "இப்பிடி வைச்சிருந்தா என்ன மிஸ் நடக்கும்?" என்று கேட்டபோது, உடற்சூடு, மூச்சு, பால் என்று வழமையாகச் சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று அதற்கும் மேலே போய், ஒக்சிடோசின் என்ற ஹோர்மோன் சுரக்கும், அது பிள்ளையின் மூளை நரம்புகளுக்கு உறை போட உதவும் என்றேன்.

மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஊரிலேயே நின்றுவிட்டவள் நான்கு நாள் கழித்து வந்தாள். முழங்கை வரை சவர்க்காரம் பூசியபடியே கேட்டாள்: "நான் வராத நாலு நாளும் அந்த உறை போடாம நின்டிருக்குமோ, மிஸ்?"

"சீச்சீ, அப்பிடியில்ல தங்கச்சி" என்றேன். கழுவி முடித்த கையையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் நீளமானது. நரம்பிழைகளுக்கு மயலின் என்ற அந்த உறையைச் சுற்றுபவை ஒலிகோடென்ட்ரோசைட் கலங்கள். 29 வாரத்தில் அவற்றுள் பெரும்பாலானவை முதிராத முன்னோடிகளாகவே இருக்கும். உறை போடும் வேலையோ இருபது வயதைத் தாண்டியும் நடப்பது. ஒக்சிடோசின் போன்ற நரம்புப் பெப்டைடுகள், அதாவது நரம்புக் கலங்கள் சுரக்கும் சிறு புரதத் துண்டுகள், உறையைச் சுற்றுவதில்லை. அந்தக் கலங்களுக்குச் சைகைதான் கொடுக்கின்றன, அதுவும் ஒரே திசையில் அல்ல. எலிகளின் கலங்களில் பார்த்தபோது, பக்காப் என்ற பெப்டைடு முன்னோடிகளைப் பெருகச் செய்து முதிர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. டைனோர்பின் என்ற இன்னொரு பெப்டைடு முதிர்ச்சியை நோக்கித் தள்ளுகிறது. ஒக்சிடோசின் ஏற்பியைத் தூண்டும் மருந்து, பிறந்த எலிக்குட்டிகளின் மூளை அழற்சியைத் தணித்து மயலின் நிறைந்த வெண்பொருளின் சேதத்தைக் குறைத்திருக்கிறது. எலி, மருந்து என்ற இரண்டு சொற்களையும் விழுங்கிவிட்டு, மிச்சத்தைத்தான் நான் அந்தத் தாயின் மடியில் வைத்தேன்.

ஆனால், அப்படிச் சொன்னதால்தானே அந்த நாலு நாளைத் தவிர, மூதூரிலிருந்து பஸ் ஏறி நாள் தவறாமல் வந்தாள் என்றும் தோன்றுகிறது. பிறகு, திரும்பி வந்த நாளிலிருந்து சாப்பிடக்கூட எழும்பாமல், கடன் அடைப்பவளைப்போல் அந்தக் கதிரையிலேயே அவள் இருந்தது நினைவுக்கு வருகிறது.

போன கிழமை இன்னொரு தாய் அதே கேள்வியைக் கேட்டாள். சூடு, மூச்சு, பால் என்று மட்டும் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போனாள்.