ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்: முதல் எபிசோடிலிருந்து மறுபடியும்

சின்ன வயதில் துண்டு துண்டாகப் பார்த்த, கற்காலத்தில் நடக்கும் 'தி ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் தொடரை இப்போது முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறேன். மொத்தம் ஆறு சீசன், 166 எபிசோடு. நாலாவது சீசன் முடியப் போகிறது.

இது குழந்தைகளுக்காக எடுத்த தொடரே இல்லை. 1960 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி, பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்கும் நேரம். ஆரம்ப வருடங்களில் விளம்பரம் கொடுத்தவர்களில் வின்ஸ்டன் சிகரெட்டும் உண்டு. அந்த விளம்பரத்தையும் தேடிப் பார்த்தேன். ஃபிரெட்டின் மனைவி வில்மாவும் பக்கத்து வீட்டு பார்னியின் மனைவி பெட்டியும் வீட்டு வேலையில் மாய்ந்துகொண்டிருக்க, ஃபிரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் ஒதுங்கிப் புகைவிடுகிறார்கள்.

முதல் எபிசோடில் மனைவிகளோடு ஆபரா இசைநாடகத்துக்குப் போக வேண்டிய ஃபிரெட், உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டு, பார்னி செய்த மிதிக்கும் பறக்கும் இயந்திரத்தில் பவுலிங் ஆடப் போய்விடுகிறான். சிறுவயதில் என் கண் அந்த இயந்திரத்தை விட்டு அகலவில்லை. இப்போது பார்த்தால் இது முழுக்க முழுக்கப் புருஷன் பெண்டாட்டி கதை. கல் காரையும் டைனோசரையும் எடுத்துவிட்டாலும் கதை நிற்கும்.

பழசாகிப்போன விஷயங்களும் நிறைய. பெண்கள் என்றாலே கடைக்குப் போய்க் காசைக் கரைப்பவர்கள் என்ற நகைச்சுவை திரும்பத் திரும்ப வருகிறது. சப்பென்ற வசனத்துக்கும் பின்னணியில் சிரிப்பொலி. இதெல்லாம் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வில்மாவை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. ஃபிரெட்டின் பொய் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவள் போல அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அதற்காகவே அடுத்த எபிசோடைப் போடுகிறேன்.

வரிசையாகப் பார்க்கும்போது காதும் வேலை செய்கிறது. பார்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் 1961 ஜனவரியில் கார் விபத்தில் படுகாயமடைந்தார். சில எபிசோடுகளுக்கு டாஸ் பட்லர் பேசினார். அப்புறம் உடம்பெல்லாம் மாவுக்கட்டோடு படுக்கையில் இருந்தபடியே பிளாங்க் பேசிப் பதிவு செய்தார். ஆரம்பத்தில் மூக்கால் பேசுகிற பார்னி, போகப் போகக் கனத்த குரலுக்கு மாறுவது நன்றாகவே கேட்கிறது. அந்தச் சிரிப்பைப் படுத்துக்கொண்டே ஒரு மனிதர் கொடுத்தார் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

தொடரின் உயரம் எனக்கு 1963தான். பிப்ரவரியில் ஃபிரெட்டுக்கும் வில்மாவுக்கும் மகள் பெப்பிள்ஸ் பிறக்கிறாள். நாலாவது சீசன் தொடக்கத்தில் பாம்-பாம் வருகிறான். பெப்பிள்ஸைக் கொஞ்சுவதற்காகவே ஓயாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டு ஜோடியிடம் ஃபிரெட் எரிந்து விழுகிறான். பார்னியும் பெட்டியும் வீட்டுக்குப் போய், விழும் நட்சத்திரத்தைப் பார்த்துத் தங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று வேண்டுகிறார்கள். பிறகு வாசலில் ஒரு குழந்தை, அதுதான் பாம்-பாம். தத்தெடுக்க நீதிமன்றம் வரை போகிறார்கள். குழந்தையில்லாத தம்பதியின் ஏக்கத்தை 1963இல் ஒரு கார்ட்டூன் இவ்வளவு நேராகச் சொல்லியிருக்கிறது. பெட்டியின் முகத்துக்காக அந்த இடத்தை நிறுத்தித் திரும்பப் பார்த்தேன்.

அடுத்து ஐந்தாவது சீசன். 1965இல் வேற்றுக் கிரகத்திலிருந்து வரும் காசூ மேல் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. வில்மாவுக்கு அதற்குப் பிறகும் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆறாவது சீசனையும் தொடப்போகிறேன்.