கழுத்து வலி ட்ரெய்னிங் செஞ்சு முடிச்ச அனுபவம்

ஹட்டன் பக்கம் பிசியோவா வேலை செய்றேன், எங்க கிளினிக்குக்கு கழுத்தப் புடிச்சிக்கிட்டு வர்றவங்க நெறைய, அதுலயும் கூடைக் கயித்த தலையில மாட்டிக்கிட்டு மலை ஏறி எறங்குற, தேயிலைக் கொழுந்து எடுக்குற அம்மாமார் தான் கூட. அதனால கண்டியில கழுத்து வலிக்குன்னே வீக்கெண்ட் கோர்ஸ் ஒண்ணு நடக்குதுன்னு கேள்விப்பட்டதும் அப்ளை பண்ணிட்டேன். போலாமா வேணாமான்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இத எழுதுறேன்.

அப்ளிகேஷன் லேசு, மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் கொப்பியும் சர்டிபிகேட்டும் போதும். இருட்டோட பஸ் ஏறி நாவலப்பிட்டி, கம்பளைன்னு போய்ச் சேர்றது தான் கஷ்டம். லெக்சர் இங்கிலீஷ், பேச்செல்லாம் சிங்களம், ஆனா கை வேலை தான் அதிகம், பயப்படாதீங்க.

மொத நாள் யாரையும் கழுத்துல கை வைக்கவே விடல. விழுந்தாங்களா, தலை சுத்துதா, ரெட்டையா தெரியுதா, முழுங்க கஷ்டமா, நடை தடுமாறுதான்னு கேட்டு, பிரஷரும் பாத்துட்டுத் தான் மத்ததெல்லாம். நடையும் தடுமாறி விரலும் சொன்ன பேச்சு கேக்கலன்னா முண்ணாண் (முதுகெலும்புக்குள்ள போற நரம்புத் தண்டு) அமுங்குதோன்னு சந்தேகப்படணும், நடு விரல் நுனியச் சுண்டி விட்டா பெருவிரல் மடங்குதான்னு பாக்குற ஹொஃப்மன் டெஸ்ட் பாத்துட்டு நேரா டொக்டர்கிட்ட அனுப்பணும், இழுக்கிறது திருப்புறது எதுவும் கூடாது. இதுக்கு சட்ட பட்டன் போட முடியுதான்னு கேக்கச் சொல்லித் தந்தாங்க, நான் எங்க ஆளுங்ககிட்ட கொழுந்து கிள்ள விரல் முன்ன மாதிரி வருதாக்கான்னு கேக்குறேன், டக்குன்னு பதில் வருது.

கை வரைக்கும் வலி எறங்குனா நாலு டெஸ்ட், தலைய வலிக்கிற பக்கம் சாய்ச்சு மேல இருந்து அமுக்கிப் பாக்குற ஸ்பர்லிங், கழுத்த மெதுவா இழுத்துப் பாக்குறது, கை நரம்ப நீட்டிப் பாக்குற டெஸ்ட், வலிக்கிற பக்கம் 60 டிகிரிக்கு கொறைவா திரும்புதான்னு அளக்குறது. 2003ல வந்த ஆராய்ச்சிப்படி நாலும் பொசிட்டிவ்னா நரம்பு வேர்ப் பிரச்சினையா இருக்க 90 வீதம் வாய்ப்பு, ஒண்ண மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாதுன்னு சேர் திரும்பத் திரும்ப சொன்னாரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது கழுத்தோட ஆழத் தசைக்கான டெஸ்ட். மல்லாக்கப் படுக்க வச்சு பிடரிக்கு அடியில பிரஷர் காட்டுற காத்துப் பை வச்சு 20 mmHgல தொடங்கி, சும்மா ஆமான்னு தலையாட்டுற மாதிரி செய்யச் சொல்லி, ரெண்டு ரெண்டா 30 வரைக்கும் ஏத்தி, ஒவ்வொண்ணுலயும் பத்து செக்கன் புடிக்கச் சொல்லணும். பலபேருக்கு 24 தாண்ட முன்னாடியே கழுத்து முன்பக்கத் தசை கயிறு மாதிரி எழும்பிரும், அங்கேயே நிப்பாட்டி, சரியா செய்ய முடியுற அளவுல இருந்து பயிற்சிய ஆரம்பிக்கணும்.

பிறகு கழுத்து வலியால அன்றாட வேலை எவ்வளவு கஷ்டமாகுதுன்னு அளக்குற பத்துக் கேள்வி ஃபோர்ம் (Neck Disability Index), மொத்தம் 50 புள்ளி. அதுல வாகனம் ஓட்டுறதப் பத்தி ஒரு கேள்வி, எங்க லயத்து அம்மாமாருக்கு அது எங்க பொருந்தும்? அத விட்டுட்டு 45க்கு கணக்குப் போட்டு வீதமாக்குனா சரி. அதோட அவங்களுக்கே கஷ்டமான வேலைய சொல்லச் சொல்லி பத்துக்கு புள்ளி போடச் சொன்னேன், கூடைய தலைக்கு ஏத்துறது, தண்ணிக் கொடம் தூக்குறது, ராவுல திரும்பிப் படுக்குறதுன்னு வந்துச்சு, எனக்கு இது தான் உண்மையான அளவு.

சூட்டு ஒத்தடம் குடுத்து கூடை தூக்காதீங்கன்னு அனுப்பிர்றது எனக்கு மனசுக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, கிலோ கொறஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம் தான்னு தெரிஞ்சும் எப்படி சொல்றது? கையால செய்ற சிகிச்சையோட பயிற்சியும் சேரணும்னு கோர்ஸ்ல அழுத்திச் சொன்னாங்க, கோர்ஸுக்காக நான் எழுதுன கேஸ் ரிப்போர்ட்லயும் அந்த ஆழத் தசைப் பயிற்சியோட, கூடை நெறையுற வரைக்கும் சுமக்காம நடுவுல வாய்ப்புக் கெடைக்கிறப்பல்லாம் எறக்கி வைக்கச் சொல்லியிருந்தேன்.

கடைசி எக்ஸாம்ல ஒருத்தர படுக்க வச்சு, ஏன் இந்த டெஸ்ட், ஏன் அது இல்லன்னு தான் தோண்டித் தோண்டி கேட்டாங்க. கேஸ் ரிப்போர்ட்டுக்கு திரும்பத் திரும்ப வந்து போகக்கூடிய பேஷன்டா பாத்து கோர்ஸ் தொடங்கினதுமே எடுத்துருங்க, கொழுந்து கூடுற சீசன்ல அவங்களால கிளினிக் வர முடியாது.