இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறியபோது: அப்பாவின் மினியில் ஐந்து வாரம்

அப்பா ஓட்டிய 1974 மினி 1000 இன்னும் எங்களோடு இருக்கிறது. பினாங்கு ஜெலுத்தோங்கில் கடல் காற்று நேராக அடிக்கும் எங்கள் வீட்டு முன்கூரைதான் அதற்கு இடம். 998 சிசி எஞ்சின் இன்றும் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். சிக்கல் எஞ்சினில் இல்லை, மீட்டரில். அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாள் ஆனது.

முதலில் சூடு மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலிக் பூலாவுக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் முள், அதிகச் சூட்டைக் குறிக்கும் ‘எச்’ எழுத்தைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். நீராவி இல்லை, கொதிக்கும் சத்தம் இல்லை, ஆறிய பிறகு பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீரும் குறையவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே ஒரு பட்டறையில் விட்டேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், முந்நூறு வெள்ளிக்கு மேல் போனது. முள் பழையபடியே ஏறியது. அடுத்து வாட்டர் பம்ப் மாற்றலாம் என்றார்கள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கெலுகோர் பக்கம், பாலத்துக்குத் திரும்பும் வழியில் வண்டி இருமி இருமி நின்றது. பெட்ரோல் மீட்டர் கால் டாங்க் காட்டிக்கொண்டிருந்தது. டாங்க்கில் ஒரு சொட்டு இல்லை. பாலத்தின் நடுவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. மகளும் கூட இருந்தாள்.

இரண்டையும் நான் வெவ்வேறு கோளாறு என்றே நினைத்தேன். பிறையில் நாற்பது வருடமாக ஒயரிங் வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ரெண்டு முள்ளும் கூடத்தானே காட்டுது? கம்மியா காட்டலையே?”

“இல்லண்ணே, ரெண்டும் கூடத்தான்.”

“அப்ப எஞ்சினைத் தொடாதே தம்பி. ரெண்டுக்கும் பொதுவா ஒன்னு இருக்கு, அதுதான் போயிருக்கு. மீட்டருக்குப் பின்னால பாரு.”

முதல் வாரம்

மீட்டரைப் பிரிக்கும் முன் உண்மை என்ன என்று தெரிய வேண்டும். முள் சொல்வதை நம்பாமல் வேறு வழியில் அளக்க வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் மூடிக்கு நேரே பிடித்தேன். 61 டிகிரி காட்டியது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 61 என்றால் அதுவும் பொய். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி எப்போதும் குறைவாகத்தான் காட்டும். அதே இடத்தில் கறுப்பு ஒயர் டேப்பைச் சின்னத் துண்டாக ஒட்டி, டேப்பின் மேல் அளந்தேன். 83 டிகிரி. உள்ளே இருப்பது 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட். அதாவது எஞ்சின் இருக்க வேண்டிய சூட்டில்தான் இருந்தது, முள் மட்டும் ‘எச்’ பக்கம்.

அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

இரண்டாம் வாரம்

அண்ணன் சொன்ன பொதுவான பொருள் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். தீப்பெட்டியை விடச் சின்னத் தகர டப்பா. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில், ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டர் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும்.

அதன் வேலையைப் புரிந்துகொண்டால் பாதி நோய் தெரிந்துவிடும். பெட்ரோல் மீட்டருக்குள்ளும் சூடு மீட்டருக்குள்ளும் இரட்டை உலோகப் பட்டை ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பியில் கரண்ட் ஓடினால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். சாவி போட்டதும் முள் மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுவதுபோல் ஏறுவது இதனால்தான். ஆனால் பேட்டரி வோல்டேஜ் ஒரே அளவில் நிற்காது, எஞ்சின் வேகத்துக்கும் விளக்குக்கும் தகுந்து 12க்கும் 14க்கும் இடையே ஆடும். முள்ளும் கூடவே ஆடக்கூடாது என்பதற்குத்தான் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் அதே மாதிரி பட்டை. சூடாகி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும், ஆறியதும் மறுபடி சேரும். இப்படித் துடித்துத் துடித்து, சராசரியாக 10 வோல்ட் மட்டும் மீட்டர்களுக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பட்டையைச் சூடாக்கும் கரண்ட் டப்பாவின் உடம்பு வழியாக வண்டியின் போடிக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த இணைப்புதான் எர்த். அது இல்லையென்றால் பட்டை சூடாகாது, தொடர்பு துண்டிக்கப்படாது, பேட்டரியின் முழு வோல்டேஜும் அப்படியே மீட்டருக்குப் போய்விடும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். 10க்குப் பதில் 13.6 போனால், 1.36ஐ 1.36ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1.85 மடங்கு.

மீட்டர் சட்டத்தைத் தளர்த்தி முன்னுக்கு இழுத்தேன். ஸ்டெபிலைசர் கிடைத்தது. எப்போதோ யாரோ புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பெயின்ட் மேலேயே ஸ்குரூ வைத்து முடுக்கிய வேலை. ஸ்குரூவின் தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை டப்பாவின் உடம்பில் வைத்தேன். சுழியத்துக்கு ஒட்டி இருக்க வேண்டியது, 12க்கு மேல் காட்டியது. எர்த்தே இல்லை.

ஸ்குரூவைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று தகரம் தெரியும் வரை உப்புத்தாள் போட்டேன். டப்பாவிலிருந்து போடிக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயரும் இழுத்தேன், மேலே கொஞ்சம் வாஸ்லின். சாவியைத் திருப்பினேன். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் நிற்காமல் தாவின, ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் பழைய முள் மல்டிமீட்டரை எடுத்து வைத்தேன். முள் எழுந்தது, விழுந்தது, எழுந்தது. துடிக்கிறது! மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூடு முள் நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து அமைதியாக நின்றது.

இப்போது யோசித்தால் முன்பே ஓர் அடையாளம் இருந்தது. மழை இரவுகளில் விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு ஜாமில் நிற்கும்போது இரண்டு முள்ளும் கொஞ்சம் இறங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஏறும். பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஸ்டெபிலைசர் வேலை செய்தால் அது நடக்கவே கூடாது.

பழைய ஸ்டெபிலைசருக்குப் பதிலாக 7810 என்ற 10 வோல்ட் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடலாம். சரியாக 10 வோல்ட் தர, உள்ளே வருவது சுமார் 2 வோல்ட்டாவது கூட இருக்க வேண்டும், அதனால் எஞ்சின் ஓடாதபோது அது எல்லையில்தான் நிற்கும். 1969க்கு முந்திய மினி என்றால் இன்னொரு எச்சரிக்கை. அவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம்தான் போடியில் சேரும், இதை அப்படியே மாட்டக்கூடாது. நான் பழையதையே வைத்துக்கொண்டேன்.

மூன்றாம், நான்காம் வாரம்

சூடு சரியாகிவிட்டது. பெட்ரோல் மட்டும் அடங்கவில்லை. டாங்க் நிரப்பினாலும் முக்காலில் நின்றது. இப்போது ஒரு முள் மட்டும் தவறு, ஆகவே அதற்கு மட்டும் சொந்தமான பொருள், டாங்க் சென்டர் (sender), அதாவது மிதவையை வைத்துப் பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் கருவி. மினியில் டாங்க் பின் டிக்கிக்குள் இருக்கிறது, சென்டர் அதன் பக்கவாட்டில். மேலே இருக்கிறதென்று நினைத்துக் கழற்றினால் பெட்ரோல் டிக்கி முழுக்க ஓடும். பேட்டரியைக் கழற்றி, வெட்டவெளியில் வைத்து, முதலில் டாங்க்கைக் காலி செய்தேன்.

சென்டரின் மிதவையைக் கையால் மெதுவாக மேலே தூக்கினேன். மல்டிமீட்டரில் மின்தடை கீழே 240 ஓம் அளவில் தொடங்கி, இறங்கிக்கொண்டே வந்து, பாதிக்கு மேல் திடீர் திடீரென்று எகிறியது. மிதவையோடு நகரும் முனை உரசும் பாதையில் கறுப்புப் படிவம். கான்டாக்ட் கிளீனரும் பருத்தித் துணியும் போட்டுத் துடைத்ததில் மேலே 20 ஓம் பக்கம் சுத்தமாக வந்து நின்றது. சென்டர் ஒயரை நேராக எர்த்தில் தொட்டுச் சோதிப்பவர்கள் உண்டு. ஒரு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், மீட்டரின் கம்பி வெந்துவிடும். 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இடையில் கொடுத்துப் பார்ப்பது மேல். என் மீட்டரில் முள் நடுவில் வந்து நின்றது.

டாங்க் 25 லிட்டர். 5 லிட்டர் ஊற்றுவது, இரண்டு நிமிடம் காத்திருப்பது, முள்ளைக் குறிப்பது. எழுதியது முழுக்க மகள். முதல் 5 லிட்டருக்கு முள் சிவப்புக் கோட்டை விட்டுக் கிளம்பவே இல்லை. அதை அவள் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஐந்தாம் வாரம்

ஸ்பீடோமீட்டர் மீதி. இது கேபிளில் ஓடுவது, கரண்டுக்குச் சம்பந்தமில்லை. முன்பு 145/80 அளவு 10 அங்குல டயர், அப்பா இருக்கும்போதே 145/70 அளவு 12 அங்குலத்துக்கு மாற்றினார். விட்டம் 486 மில்லிமீட்டரிலிருந்து 508க்குப் போகிறது, நாலரை விழுக்காடு கூடுதல். ஜூருவிலிருந்து புக்கிட் தம்புன் வரை நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் ஓட்டினோம். ஜிபிஎஸ் 80 காட்டும்போது முள் 76இல் இருந்தது. 80இல் ஒரு கிலோமீட்டருக்கு 45 வினாடி ஆக வேண்டும். மகள் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே நேரம் பிடித்தாள். 45, 46, 45.

முள் குறைவாகக் காட்டுவது ஆபத்தான பக்கம். தெரியாமலே வேகவரம்பைத் தாண்டிவிடுவோம். ஓடிய தூரமும் குறைவாகவே ஏறும், 5000 கிலோமீட்டர் சர்வீஸ் என்று நினைப்பது உண்மையில் 5200க்கு மேல். கண்ணாடியில் 76க்கு நேரே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன், பாலத்தில் வரம்பு 80 என்பதற்காக.

40இல் போகும்போது முள் லேசாக நடுங்குகிறது. கேபிள் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை உருவி எடுத்து கிரீஸ் போட வேண்டும்.