வானியலுக்கு வரும் டேட்டா சயின்டிஸ்டுக்கு: முதலில் இரைச்சலைப் படியுங்கள்

வங்கியில் மூன்று வருடம் டேட்டா வேலை பார்த்துவிட்டு, சிங்கப்பூரிலேயே ஒரு வானியல் ஆய்வுக்குழுவில் சேர்ந்தேன். இயற்பியல் பட்டம் கிடையாது. “இங்கே வானத்தில் நட்சத்திரமே தெரியாதே, நீ எதைப் பார்க்கப் போகிறாய்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் நின்றால் நிலாவும் வியாழனும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் இந்த வேலைக்கு இருட்டு வானம் வேண்டாம். பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேட 2018-இல் ஏவப்பட்ட நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவுகள் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கோள் ஒன்று தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும். அதைத்தான் தேடுகிறோம். தூரத்திலிருந்து யாராவது பார்த்தால், வியாழன் கடக்கும்போது சூரியனின் ஒளி சுமார் 1% குறையும். பூமி கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது.

நான் வந்ததும், கோளைத் தானாகக் கண்டுபிடிக்கும் மாடலில்தான் இறங்கினேன். ஒளிவளைவுகளை, அதாவது நட்சத்திரத்தின் வெளிச்சம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடங்களை, துண்டு துண்டாக வெட்டி, கலைத்து, பயிற்சிக்குப் பாதி, சோதனைக்கு மீதி என்று பிரித்தேன். மதிப்பெண் அபாரம். குழுக்கூட்டத்தில் மூத்த ஆய்வாளர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஒரே நட்சத்திரத்தின் துண்டுகள் இரண்டு பக்கமும் இருக்கா?” இருந்தன. நட்சத்திர எண் வாரியாகப் பிரித்ததும் மதிப்பெண் சரிந்துவிட்டது. மாடல் கோளை அல்ல, அந்தந்த நட்சத்திரத்தின் துடிப்பைத்தான் மனப்பாடம் செய்திருந்தது.

அப்புறம் ஒரு “கோள்” கிடைத்தது. ஒளிவளைவைச் சுற்றுக்கால நீளத்துக்கு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், வெளிச்சம் குறையும் இடத்தில் அழகான பள்ளம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் அக்கா, ஒற்றைப்படைப் பள்ளங்களை நீலத்திலும் இரட்டைப்படைப் பள்ளங்களைச் சிவப்பிலும் வரையச் சொன்னார். நீலம் தெளிவாகவே ஆழமாக இருந்தது. கோள் என்றால் எல்லாப் பள்ளமும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். இதுவோ ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு நட்சத்திரங்கள்! உண்மையான சுற்றுக்காலம் நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம் என்பதால், பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் உள்ளே கலந்துவிடும். அதையும் சரிபார்க்க வேண்டும்.

தொடங்குபவர்கள் வாஸ்ப்-18பி என்ற கோளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் தன் நட்சத்திரத்தைச் சுற்றிவிடும். டெஸ் வானத்தின் ஒரு பகுதியைத் தொடர்ந்து பார்க்கும் சுமார் 27 நாள் காலத்தைச் செக்டர் என்பார்கள்; அப்படி ஒரே செக்டரில் இருபதுக்கு மேல் பள்ளங்கள் பார்க்கலாம். பைத்தானில் லைட்கர்வ் நூலகம் போதும். ஆனால் விண்கலத்தால் வரும் கோளாறுகளை நீக்கித் திருத்திய வளைவோடு நிற்காதீர்கள், திருத்தாததையும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு செக்டருக்கும் வெளியாகும் தரவுக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிதறிய பூமி வெளிச்சம் எங்கே, உந்துபொறியை இயக்கியதில் விண்கலம் ஆடியது எங்கே என்று விரல் வைத்துக் காட்டப் பழகுங்கள். கோளோடு சம்பந்தமில்லாத இந்த ஏற்ற இறக்கங்கள்தான் இரைச்சல். நேர்காணலில் என்னிடம் அதிகம் கேட்டதும் இதைத்தான். நியூரல் நெட்வொர்க் பற்றி ஒரே கேள்விதான் வந்தது.

கணக்கில் நிகழ்தகவும், சிக்னலை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியே முறையும் உறுதியாக இருக்கட்டும். சம்பளம் எனக்கு வங்கியைவிடக் குறைவு, ஒப்பந்தமும் வருடக்கணக்கில்தான். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசினேன். அம்மா இப்போது “இன்னைக்கு எத்தனை பள்ளம்?” என்று கேட்கிறார்.