தெம்பே இருக்க என்ன கவலை

சைவம் சாப்பிட்டால் உடம்பு ஏறாது என்று ஜிம்மில் யாராவது ஆரம்பித்தால் நான் வாதாடுவதில்லை, நேராகப் பசாரில் தெம்பே, அதாவது சோயாவைப் புளிக்க வைத்துச் செய்த கட்டி, வாங்கப் போய்விடுவேன். 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம், அதே அளவு வெந்த பருப்பில் 9தான். மஞ்சளும் உப்பும் தடவி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை தோசைக்கல்லில் போட்டெடுத்தால் ரசம் சோற்றுக்கு அப்படிப் பொருந்தும். எடை தூக்குகிறவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். டோஃபு, தயிர், கடலை எல்லாம் சேர்த்தால் எட்டிவிடலாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில்தான் கஷ்டம், போதும் என்று இலையை மறைப்பதற்குள் அண்ணன் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிடுவார்! சரி, தொப்பை குறையணுமா? தே தாரிக்கில் (ஆற்றிய பால் டீ) ஊற்றுகிற கெட்டிப்பாலில் பாதிக்குப் பாதி சர்க்கரை. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள்.