மாதிரி வீட்டின் அறிக்கையும் எங்கள் வீட்டின் கசிவும்

நகரை ஒட்டி உருவாகிவரும் குடியிருப்பு ஒன்றில், மின்செலவு குறையும் என்பதற்காகவே புதிய வீடு வாங்கினோம். வங்கிக் கடன் சிக்கலின்றிக் கிடைத்தது. எங்களை ஐந்து வாரம் அலைக்கழித்தது ஒரே ஒரு தாள்: வீட்டின் சந்துகள் வழியே காற்று எவ்வளவு கசிந்து மின்செலவைக் கூட்டும் என்று காட்டும் காற்றுக்கசிவுச் சோதனை அறிக்கை.

விற்பனை அலுவலகம் தந்த கோப்பில் அந்த அறிக்கை இருந்தது. இறுதித் தவணை கட்டுவதற்கு முந்தைய இரவு மீண்டும் படித்தபோதுதான், அதிலிருந்த மனை எண் எங்களுடையது அல்ல, மாதிரி வீட்டினுடையது என்று தெரிந்தது. மறுநாள் கேட்டதற்கு, "எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம்தானே?" என்று அலுவலர் கோப்பை மூடிவிட்டார். வாசலில் விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் வீட்டின் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று அளக்கும் சோதனை இது; சந்துகளை அடைத்தவரின் கைவேலையைப் பொறுத்து ஒரே வரைபடத்தில் கட்டிய இரு வீடுகளுக்குள்ளேயே அளவு வெகுவாக மாறும். அளவு குறையக் குறையக் கசிவும் குறைவு. ஆற்றல் சேமிப்பு வீடுகளுக்கான மிகக் கடுமையான பாசிவ்ஹவுஸ் தரம் கேட்பது அதிகபட்சம் 0.6, எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த வரம்பு 3. அந்த வரியைக் காட்டி, சோதனை முடியும்வரை தவணை கட்ட இயலாது என்று எழுதிக் கொடுத்த பிறகே அசைந்தார்கள்.

முதல் முறை வந்த பரிசோதகர், பரணுக்கு ஏறும் திறப்புக்கு மூடியே பொருத்தப்படவில்லை என்பதைக் கண்டு திரும்பிவிட்டார். அன்றைய கட்டணம் வீண். நாள் குறிக்கும் முன் மூடி, கதவுகள், மின் இணைப்பு மூன்றும் தயாரா என்று நீங்களே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் முறை கிடைத்த அளவு 5.9. கசியும் இடங்களைக் காட்டும் வெப்பப்படக் கருவிக்கு உள்ளும் புறமும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வேறுபாடு தேவை என்பதால், மறுநாள் விடியற்காலையில் சென்று பார்த்தோம். பரண் மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை இல்லை, கூரை விளக்குகளைச் சுற்றி இடைவெளி இருந்தது, எல்லாவற்றையும் விட மோசமாக, ஏசி காற்றுக்குழாய் ஒன்று பரணுக்குள் இணைப்பு விட்டுத் தொங்கியது. வேலையாட்கள் துணி ஒட்டுநாடாவை எடுத்தார்கள். சூட்டில் அது காய்ந்து உரிந்துவிடும் என்பதால், இணைப்பை இறுக்கி மாஸ்டிக் பசை பூசவேண்டும் என்று விடாமல் நின்றேன். மூன்றாம் சோதனையில் 2.8 வந்தது. எங்கள் மனை எண் அச்சிட்ட அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது வந்த நிம்மதி, சாவி வாங்கியபோதுகூட வரவில்லை.

ஒன்று மட்டும் கைநழுவிப் போனது. ஜன்னல் கண்ணாடிகளின் வெப்பக் கடத்தல் அளவைச் சொல்லும் ஒட்டுத்தாள்களைத் துப்புரவுப் பணியாளர்கள் உரித்து எறிந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன கண்ணாடிதானா என்று சரிபார்க்க, கொள்முதல் ரசீதின் நகலைக் கேட்டு இருமுறை எழுதியும் இன்னும் வரவில்லை. கண்ணாடி பொருத்திய அன்றே ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.