பட்டிக்கு அடியில்

வீட்டிலேயே அலாய் வீலைத் தேய்த்துப் பெயின்ட் அடித்துக்கொண்டு டயர் மாட்ட வருபவர்களின் வேலையை, ரிம்மைக் காரிலிருந்து இறக்கும்போதே நான் பெரும்பாலும் எடைபோட்டுவிடுவேன். சொரசொரப்பான 240ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் பொறுமையிழந்து நேரே நயமான 800க்குத் தாவியவரின் கோடுகள், பெயின்டுக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டுக்கு அடியிலிருந்தே எட்டிப்பார்க்கும். பிரேக் தூசியையும் பழைய பாலிஷ் பிசுக்கையும் சரியாகக் கழுவாதவரின் பெயின்ட், நகத்தால் கீறினால் ஏடு ஏடாக எழும். நட்டு உட்காரும் குழியிலும் சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு பொருந்தும் முகத்திலும் சேர்த்தே பெயின்ட் அடித்து வருபவர்களை மட்டும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கே பூசிய பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கித் தேயத் தேய நட்டின் இறுக்கம் குறைந்துகொண்டே போகும். ஒருமுறை ஓர் இளைஞர் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்த நான்கு ரிம்களிலும் இந்தக் குறைகளில் ஒன்றுகூட இல்லை.

எப்படிச் செய்தார் என்று அவரே சொன்னார். டயரைக் கழற்றாமல், டயருக்கும் ரிம் விளிம்புக்கும் இடையில் சீட்டுக்கட்டின் சீட்டுகளை வட்டமாகச் செருகி, நட்டுக் குழிகளைக் காகிதத்தால் அடைத்து, சிராய்ப்புகளை மட்டும் முதலில் தேய்த்து, பிறகு 400, 600, 800 என்று தண்ணீர் விட்டுப் படிப்படியாக ஏறி, ஸ்பிரே டப்பாவில் மெல்லிய பூச்சாகப் பல தடவை அடித்திருக்கிறார். முகம் மினுமினுக்கும் டயமண்ட் கட் ரிம்மாக இருந்திருந்தால் இதெல்லாம் பலித்திருக்காது. அந்த மினுக்கம் லேத்தில் கடைந்து எடுப்பது, ஒவ்வொரு முறை கடையும்போதும் உலோகம் கொஞ்சம் குறையும். இவருடையவை முழுக்கப் பெயின்ட் முகம் கொண்டவை. தாளுக்கும் டப்பாவுக்கும் ஆன செலவைத் தவிர அவருக்குப் போனது சில வார இறுதிகள்தான். நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பதை அன்றைக்கே மனதுக்குள் ஒப்புக்கொண்டேன். பின்னால் வரப்போகும் சந்தேகத்துக்கு இந்த ஒப்புதலும் ஒரு காரணம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

புது டயர் மாட்டுவதற்கு முன் வெறும் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுழற்றிப் பார்ப்பது என் வழக்கம். மூன்று ரிம்கள் நேராக ஓடின. நான்காவதில் வெளி விளிம்பு ஓரிடத்தில் மட்டும் லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் உலோகத்தின் குளிர்ச்சி தெரிந்தது, அங்கே தெரியவில்லை. பள்ளத்தை நிரப்பும் பசையான பட்டி வைத்து இழைத்திருக்கிறார்.

"இங்கே அடி எதுவும் பட்டதா தம்பி?" என்று கேட்டேன். பிளாட்பாரக் கல்லில் உரசியதுதான், ஆழமாக இருந்ததால் பட்டி வைத்தேன் என்றார். உரசல் விளிம்பைத் தின்னும், வளைக்காது. வளைந்திருக்கிறது என்றால் ஏதோ பள்ளத்தில் இறங்கி மோதியிருக்க வேண்டும். அலாய் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியம். இரும்பு ரிம் போல வளைந்து கொடுத்துத் தாக்குப்பிடிக்கும் தன்மை அதற்குக் குறைவு. ஓர் அளவுக்கு மேல் போனால் மயிரிழை போல விரிசல் விடும், அந்த விரிசல் ஓட்டத்தில் வளரும். பேலன்ஸ் செய்தால் சரியாகிவிடாதா என்று அவர் கேட்டார். எடைக்கட்டி ஒட்டிப் பேலன்ஸைச் சரிசெய்யலாம், கோட்டம் கோட்டமாகவேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, பட்டியை எடுத்துப் பார்க்காமல் இந்த ரிம்மில் டயர் ஏற்ற மாட்டேன் என்றேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "எடுங்க" என்றார். நான் சுரண்டினேன். சுற்றியிருந்த பெயின்டும் உள்ளங்கை அகலத்துக்குப் போய்விட்டது. விரிசல் பார்க்கும் சிவப்புச் சாயத்தை அடித்து, 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தேன். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடு கசிந்து எழும். எழவில்லை. கோட்டமும் ரிம்மை ஒதுக்கிவிடத் தேவையில்லாத அளவுக்குள்தான் இருந்தது. அவர் சொன்னபடியே ஆழமான சிராய்ப்பு, அதோடு கூட எப்போதோ பட்ட சிறு அடி, அவ்வளவுதான்.

அப்போதுதான் கேட்டார்: "இதே ரிம்முக்கு நீங்க பெயின்ட் அடிச்சிருந்தா இப்படிச் சுரண்டியிருப்பீங்களா அண்ணா?"

"நாங்க அடிச்சிருந்தா அடியில என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று உடனே சொன்னேன். அந்தப் பதில் அப்போது எனக்கு முழுமையாகத் தோன்றியது. இப்போதும் ஒரு நாள் முழுமையாகத் தோன்றுகிறது, மறுநாள் தோன்றுவதில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரிந்துதானே இருந்தது? அந்த இடத்தை எங்களில் எவரையும்விட நெருக்கமாக, தாள் மாற்றித் தாள் மாற்றித் தேய்த்துப் பார்த்தவர் அவர். அவர் சொன்னதை நம்பவில்லை என்பதைத்தான் நான் வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம்புவது என் வேலையா? டயரை ஏற்றி நட்டை முடுக்கிய கை என்னுடையது. நாளைக்கு அந்த விளிம்பு பிய்ந்தால், இவர் சொன்னார், நம்பினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்கள் பட்டறையிலிருந்து போகும் ரிம்களிலும் பட்டி இருக்கிறது. இன்னொரு கடையில் பூசி வந்த ரிம்களில் நான் ஒருமுறையும் தாளை எடுத்துச் சுரண்டியதில்லை, அவற்றில் கோட்டம் கண்டபோதும் உள் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றியிருக்கிறேன். அப்படியென்றால் அன்று என்னைச் சுரண்ட வைத்தது கோட்டமா, அல்லது வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒருவர் எங்கள் தொழிலை இவ்வளவு சுத்தமாகச் செய்துவிட்டாரே என்ற உறுத்தலா? கோட்டம்தான் என்று என்னால் சொல்ல முடியும். அது பொய்யும் இல்லை.

இதில் என்னைக் கூடுதலாகக் குழப்புவது ஒரு விஷயம், அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அலுமினியம் மென்மையான உலோகம். தாளால் தேய்க்கும்போது மேற்பரப்பு லேசாக இழுபட்டு, நுண்ணிய விரிசலின் வாயை மூடிவிடக்கூடும். மூடிய வாய்க்குள் சாயம் போகாது. விமானப் பாகங்களைச் சோதிப்பவர்கள் தேய்த்த அலுமினியத்தை முதலில் ரசாயனத்தால் மெலிதாக அரித்துவிட்டுத்தான் சாயம் பூசுவார்கள். எங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. அவர் ஏற்கெனவே தேய்த்த இடத்தில், நானும் பட்டியை எடுப்பதற்காகத் தேய்த்த பிறகு, சிவப்புக் கோடு எழவில்லை என்பதற்கு எவ்வளவு மதிப்பு? விரிசல் இல்லை என்று சொல்லலாம். நாங்கள் இருவரும் சேர்ந்து மூடிவிட்டோம் என்றும் சொல்ல இடமிருக்கிறது. பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த எனக்கு அந்தப் பார்வையின் எல்லை தெரிந்தே இருந்தது. இருந்தும் பார்த்தேன், பார்த்துவிட்டு டயரையும் ஏற்றினேன். பார்க்காமல் ஏற்றுவதைவிட இது மேல் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

அந்த இடத்தில் மறுபடி பட்டி வைக்க வேண்டாம், பிரைமரும் பெயின்டும் மட்டும் போதும், பள்ளம் தெரிந்தாலும் பரவாயில்லை, ஏதாவது கோடு விட்டால் கண்ணில் படும் என்று சொல்லி அனுப்பினேன். ரிம்மைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும் என்பதால் அவர் திரும்ப வந்தார். நட்டுகள் சரியாக இருந்தன. விளிம்பில் வெள்ளிப் பெயின்ட் ஒரே சீராக இருந்தது, பள்ளம் தெரியவில்லை. பட்டி வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. "காத்து ஒரு புள்ளிகூட இறங்கலை, பார்த்தீங்களா?" என்றார், வழக்கு தீர்ந்துவிட்டது போல. நானும் தலையாட்டினேன். டயர் உட்காரும் இடத்துக்கு வெளியே, விளிம்பில் இருக்கும் விரிசல், உள்ளே வளர்ந்து வரும்வரை காற்றை விடாது. இதை அன்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்து எதைச் சுரண்டச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.